இடுப்பு வலியும் முதுகு ஊசியும்

தமிழ்நாட்டில் நூறு பிரசவம் நடந்தால் அதில் 45 சிசேரியன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு தரும் துல்லியமான எண் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. இவற்றில் மிகப் பெரும்பாலானவை முதுகில் ஒரு ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் நடக்கின்றன. கைக்குழந்தையோடு பஸ் ஏறுகிற நம் ஊர்ப் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதை யாரும் வேண்டாம் என்பதில்லை. "ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, வேற வழி?" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்த ஊசிக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாள். பெயர் எபிடூரல். வலி அடங்கியிருக்க, சுகப்பிரசவமாகவே பிள்ளை பெறலாம். அவள் பேச்சை எடுத்துவிட்டால் போதும், வீடே கூடிவிடும். "ஆயுசுக்கும் முதுகு வலி நிக்காது", "நாங்கல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?", "வலி தெரியலேன்னா எப்படி முக்குவா?" ஆபரேஷனுக்கென்றால் பத்து நிமிடத்தில் சம்மதமாகிற முதுகு ஊசி, வலிக்கென்று கேட்டால் குடும்பப் பிரச்னையாகிவிடுகிறது. பிரசவ வலியைத் தாங்குவதுதான் பெண்மை என்று நீட்டி முழக்குகிற ஆண்கள் சிலரை எனக்குத் தெரியும். கடைவாய்ப் பல் பிடுங்கப் போனால் முதலில் மரப்பு ஊசிதான் கேட்பார்கள்.

ஊசியைப் பற்றிப் பயமே வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. பயம் வேண்டும். ஆனால், நம் பயம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் முதுகு வலி. இந்தப் பயத்தைப் பாட்டிகள் மட்டும் கிளப்பிவிடவில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிள்ளை பெற்ற 11,701 பெண்களிடம் விசாரித்து எழுதிய ஆய்வு ஒன்று 1990-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எபிடூரல் போட்டுக்கொண்டவர்களில் 18.9 சதவீதம் பேருக்கு நாள்பட்ட முதுகு வலி, போடாதவர்களில் 10.5 சதவீதம். ஊசிதான் காரணம் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால், எபிடூரல் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிரசவம் நீண்டுபோனவர்கள், கஷ்டப்பட்டவர்கள். ஒரே மாதிரிப் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு எபிடூரலும் இன்னொன்றுக்கு வேறு வலி நிவாரணமும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பின்னால் வந்தன. வித்தியாசம் மறைந்துவிட்டது. 11,000 பெண்களுக்கு மேல் பங்கெடுத்த 40 ஆய்வுகளை அலசிய 2018-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. ஊசி குத்திய இடம் சில நாள் கன்றிப்போய் வலிக்கும், அது உண்மை. பத்து மாதம் சுமந்து, பெற்ற பிறகும் கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்து, ராத்திரி பகலாகத் தூக்கிச் சுமக்கிற முதுகு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வலிக்கிறது.

அடுத்தது, "நாங்கல்லாம் பெத்துக்கலையா?" பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு வயது 180-ஐ நெருங்குகிறது. 1847 ஜனவரியில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் ஈதர் கொடுத்தார்; அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்முக்கு மாறினார். அடுத்த ஜனவரியிலேயே, இங்கிலாந்தில் கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி இறந்துபோனாள். ஆக அந்தக் காலத்துப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1853 ஏப்ரல் 7-ம் தேதி விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். ஜான் ஸ்னோ ஒரு கைக்குட்டையில் குளோரோஃபார்மைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 53 நிமிடம் பக்கத்திலேயே நின்று கொடுத்தார். முழுசாக மயங்கவிடவில்லை, வலி வரும்போது மட்டும் கொஞ்சம். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று அடுத்த ஆண்டு நிரூபித்த அதே ஸ்னோதான். மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். அளவு பார்த்து, ஆளைப் பார்த்து, நகராமல் நின்றது அவர் கெட்டிக்காரத்தனம்.

அதற்கப்புறம் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் 'அந்தித் துயில்' என்று ஒரு முறை வந்தது. மார்ஃபினும் ஸ்கோபாலமினும் சேர்ந்த ஊசி. வலி இருக்கும், அலறுவார்கள், ஆனால் விழித்ததும் எதுவும் நினைவிருக்காது. 1914-ல் அமெரிக்கப் பெண்கள் இது எங்களுக்கும் வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். கையும் காலும் கட்டிவைக்கப்பட்டதும் பிள்ளைகள் மூச்சுத் திணறிப் பிறந்ததும் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. குழந்தை பிறந்ததும் நம் லேபர் வார்டுகளில் 'ஆப்கார் எட்டு, ஒன்பது' என்று எழுதுகிறார்களே, அந்த ஸ்கோரை 1952-ல் உருவாக்கிய வர்ஜீனியா ஆப்கார் குழந்தை டாக்டர் அல்ல, மயக்க டாக்டர். தாய்க்குக் கொடுத்த மருந்து பிள்ளையை என்ன செய்கிறது என்று பார்க்கும் அக்கறையும் அதன் பின்னால் இருந்தது.

சரி, எபிடூரல் என்றால் அறைக்குள் என்னதான் நடக்கிறது?

பெண்ணைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் உச்சியைத் தொட்டு, அதற்கு நேராக முதுகில் இடம் குறிக்கிறார் மயக்க டாக்டர். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக இதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு கீழே இடம் பார்க்கிறார்கள். மரப்பு ஊசி போட்ட பிறகு, நுனி லேசாக வளைந்த ஊசி உள்ளே போகிறது. பின்னால் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்ச். பிஸ்டனை அழுத்தினால் போகாது, தசைநார் தடுக்கும். மில்லிமீட்டர் கணக்கில் ஊசியை நகர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பிஸ்டன் சட்டென்று உள்ளே ஓடும். அதுதான் இடம். இன்னும் சில மில்லிமீட்டர் போனால் தண்டுவட நீரைச் சுற்றியிருக்கும் உறை ஓட்டையாகிவிடும். இந்த நேரத்தில் வலி வந்தாலும் அசையக் கூடாது என்று சொல்லிவைத்திருப்பார்கள். வலி வருகிறது என்று சொன்னால் டாக்டர் கையை நிறுத்திக் காத்திருப்பார்.

பிறகு ஒரு மெல்லிய டியூபை விட்டு ஊசியை உருவிவிடுகிறார்கள். முதுகில் ஒட்டியிருப்பது அந்த டியூப் மட்டும்தான். உடனே முழு மருந்தையும் ஏற்றுவதில்லை. முதலில் கொஞ்சமாக ஒரு சோதனை டோஸ். "காதுல ஏதாவது சத்தம் கேக்குதாம்மா? நாக்கு மரக்குதா? காலைத் தூக்கு பார்ப்போம்." கேள்விகள் சாதாரணமாகத் தெரியும். டியூப் தெரியாத்தனமாக ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் முதல் இரண்டு கேள்விகளும், உறையைத் தாண்டியிருந்தால் மூன்றாவதும் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரி என்றால் 15, 20 நிமிடத்தில் வலி அடங்குகிறது. ஆரம்பத்தில் சில நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்கிறார்கள், குழந்தையின் இதயத் துடிப்பு மெஷினில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரிப்பு வரலாம், நடுங்கலாம், காய்ச்சல் வரலாம், சிறுநீர் கழிக்க முடியாமல் டியூப் வைக்க வேண்டி வரலாம். எழுதித் தருகிற சம்மதப் படிவத்தில் இவையெல்லாம் இருக்கும். ஆளைக் கொல்கிறவை வேறு.

அவை ஒவ்வொன்றும் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடங்கள்.

1946-ல் நியூயார்க் மகப்பேறு டாக்டர் கர்டிஸ் மெண்டல்சன், தன் மருத்துவமனையின் 44,016 பிரசவங்களைத் தோண்டிப் பார்த்தார். மயக்கத்தில் இருந்தபோது 66 பேருக்கு வயிற்றில் இருந்தது மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தது. இருவர் உணவுத் துண்டு அடைத்தே செத்திருந்தார்கள். இடுப்பு வலி எடுத்தால் இரைப்பை காலியாவது தாமதமாகிவிடும். ஆறு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டதும் அப்படியே கிடக்கலாம். 'வெறும் வயிறு' என்று நர்ஸ் அதட்டுவதன் மூலம் அங்கேதான் இருக்கிறது. முக்குவதற்குத் தெம்பு வேண்டுமே என்று யாருக்கும் தெரியாமல் இட்லி ஊட்டிவிடுகிற அம்மாக்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று இப்போது பல இடங்களில் அனுமதிக்கிறார்கள், இட்லி கூடாது. மயக்க டாக்டர் முழு மயக்கத்தைத் தவிர்த்து முதுகு ஊசியையே விரும்புவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

நிறைமாதத்தில் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி பி.பி. இறங்கும் என்பது இன்னொன்று. தியேட்டரில் வலது இடுப்புக்கடியில் ஏதாவது செருகி, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பது அதற்காகத்தான். மரப்பு மருந்தின் அடர்த்தி வேறொன்று. புபிவகைன் 0.75 சதவீதக் கரைசல் ரத்தக்குழாய்க்குள் போய்ப் பல தாய்மார்களின் இதயம் நின்றுபோனதால், 1984-ல் அமெரிக்கா அதைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. இப்போது எபிடூரலில் போவது பெரும்பாலும் 0.1 சதவீதம்.

மருந்து சரியாக இருந்து, பாதை தப்பிப்போன கதை ஸ்விண்டனுடையது. 2004 மே மாதம் இங்கிலாந்தின் அந்த ஊரில், தான் நர்ஸாக வேலை பார்த்த மருத்துவமனையிலேயே ஒரு பெண் பிள்ளை பெற்றார். எல்லாம் முடிந்த பிறகு, ட்ரிப்ஸ் என்று நினைத்து எபிடூரலுக்கான புபிவகைன் பையைக் கையில் போகிற லைனில் மாட்டிவிட்டார்கள். இதயம் நின்றுவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் 16 வயதுப் பெண்ணுக்கு அதே தவறு. மாட்டியவர் முந்தைய நாள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கண்ணயர்ந்து எழுந்த நர்ஸ். இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. கை நரம்புக்கான டியூபின் மூக்கும் முதுகுக்கான டியூபின் மூக்கும் ஒரே அளவில் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. ஒன்றில் இன்னொன்று மாட்டவே மாட்டாத புதிய இணைப்புக்கு 2016-ல் சர்வதேசத் தரம் வந்தது; மஞ்சள் நிறத்தில் இருக்கும். நம் ஊரில் இது இன்னும் பரவவில்லை. நர்ஸைத் திட்டுவதும் சஸ்பெண்ட் செய்வதும் பரவிய அளவுக்கு இல்லை.

இந்த இணைப்பாலும் தடுக்க முடியாத தவறு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

சிசேரியனுக்குத் தண்டுவட நீருக்குள் போடுகிற 'ஹெவி' புபிவகைன், நாலு மில்லி கண்ணாடிக் குப்பியில் வருகிறது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்துகிற டிரானெக்ஸாமிக் ஆசிட், ஐந்து மில்லி கண்ணாடிக் குப்பியில் வருகிறது. இரண்டும் தண்ணீர் மாதிரி நிறமற்றவை. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வுக்குப் பின், அந்த இரண்டாவது மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. சொல்ல வேண்டியதுதான், அது உயிர் காக்கிற மருந்து. அவசரத்துக்குக் கைக்கெட்ட வேண்டும் என்று அதே டிராலியில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இரவு நேர அவசர ஆபரேஷன், மங்கலான மூலை, குப்பியை உடைத்து ஒருவர் நீட்ட இன்னொருவர் சிரிஞ்சில் இழுக்கிறார்.

தப்பான குப்பி முதுகுக்குள் போனால், கால் மரப்பதற்குப் பதில் முதுகும் பிட்டமும் எரிய ஆரம்பிக்கும். தொடை துடிக்கும். அப்புறம் வலிப்பு. பிறகு இதயம் தாறுமாறாக அடிக்கும். மருத்துவ இதழ்களில் பதிவான 21 சம்பவங்களைத் தொகுத்து 2019-ல் வந்த கட்டுரையில் பத்து பேர் இறந்திருந்தார்கள். 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது: டிரானெக்ஸாமிக் ஆசிட்டை மயக்க மருந்து டிராலியில் வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள். செலவில்லாத யோசனை. ஒரு அலமாரித் தட்டு மாற வேண்டும், குப்பியின் பெயரை இருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். 2009-ல் வெளியான பிரிட்டனின் தேசியத் தணிக்கையில், ஒரு வருடத்தில் பிரசவத்துக்காகப் போட்ட மூன்று லட்சத்து இருபதாயிரம் முதுகு ஊசிகளில் நிரந்தரப் பாதிப்பு எத்தனை பேருக்கு என்று பார்த்தார்கள். மோசமான பக்கம் சாய்த்துக் கணக்கிட்டால்கூட 80,000-க்கு ஒன்று. 2016-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ், ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளின் புள்ளிவிவரங்களைத் திரட்டி வெளியிட்டது. பிரசவம் தொடர்பான ஆபரேஷனுக்குப் போகும் ஆயிரம் பெண்களில் 1.2 பேர் மயக்க மருந்தாலேயே இறக்கிறார்கள். சிசேரியனுக்குப் பின் நேரும் மரணங்களில் 13.8 சதவீதம் மயக்க மருந்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. முழு மயக்கம் கொடுத்தால் முதுகு ஊசியைவிட மரணத்துக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். இரண்டு ஆய்வுகளும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. கடைசி நிமிடத்தில் ரத்தம் வடிய வந்து சேர்கிற பெண்கள் இரண்டாவதில் அதிகம். அதைக் கழித்தாலும் இடைவெளி பயங்கரமானது. ஊசி இங்கும் அங்கும் ஒன்றே. மருந்தும் ஒன்றே. போட்ட பிறகு யார் நிற்கிறார்கள், பி.பி. இறங்கினால் கையில் என்ன இருக்கிறது, மூச்சுக்குழாயில் டியூப் போடத் தெரிந்தவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் வேறு.

கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்ன முரணுக்கும் பதில் இங்கேதான் கிடைக்கிறது. சிசேரியனுக்கு ஊசி போட மயக்க டாக்டர் ஒருவர் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். எபிடூரலென்றால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும். சின்ன நர்சிங் ஹோம்களில் சொந்தமாக மயக்க டாக்டர் கிடையாது. ஒரே நாளில் நாலு இடத்துக்குக் காரில் ஓடுகிறவரைத்தான் 'கால்' போட்டு வரவழைக்கிறார்கள். அவர் எபிடூரல் போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், எபிடூரல் போடாமல் இருப்பதே மேல் என்பேன். அரசுத் தரப்பிலோ 24 மணி நேர அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங் மையங்களுக்கே ஆள் நிரப்புவது பெரும்பாடு. மயக்க டாக்டர் பற்றாக்குறைக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அவசர சிசேரியனுக்கு மயக்க மருந்து கொடுக்க வைக்கும் திட்டத்தையே மத்திய அரசு கொண்டுவந்தது. இந்த நிலையில் வலி குறைப்பது கடைசி வரிசைக்குப் போவதில் ஆச்சரியமில்லை. தாங்கிக்கொள்வதுதான் தாய்மை என்கிற தத்துவம் இந்தப் பற்றாக்குறைக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது.

"எபிடூரல் போட்டால் கடைசியில் சிசேரியன்தான்" என்பது இன்னொரு பேச்சு. காக்ரேன் தொகுப்பில் அப்படி இல்லை. பழைய, அடர்த்தியான மருந்து கொடுத்த காலத்தில் ஆயுதம் போட்டு எடுப்பது கூடத்தான் செய்தது. 2001-ல் வெளியான பிரிட்டனின் 'காமெட்' ஆய்வில், பழைய முறையில் 35 சதவீதமாக இருந்த சுகப்பிரசவம், குறைந்த டோஸில் 43 சதவீதமாக ஏறியது. கால் கனக்காது, முக்கச் சொன்னால் முக்க முடியும். பிரசவம் கொஞ்சம் நீளும், அவ்வளவு. ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள், தட்டணுக்கள் குறைந்தவர்கள், முதுகில் புண்ணோ சீழோ இருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராமல் போகலாம்.

முதுகு ஊசிக்குப் பின் வரக்கூடிய தலைவலியையும் லேசாக விட முடியாது. எபிடூரல் போடும்போது நூற்றில் ஒருவருக்குத் தண்டுவட நீரைச் சுற்றியிருக்கும் அந்த உறை ஓட்டையாகலாம். தண்டுவட நீர் கசிந்து, எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் விட்டுவிடும். தாங்க முடியாவிட்டால் அவரது கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து அதே இடத்தில் செலுத்தி அடைப்பார்கள். ஆனால், பிரசவமான பெண்ணுக்குத் தலைவலி வந்தால் எல்லாவற்றையும் ஊசியின் தலையில் கட்டிவிடுவது ஆபத்து. படுத்தாலும் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கை கால் இழுப்பு என்றால் அது மூளையின் ரத்தநாளம் அடைபட்டதாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பின் எகிறிய பி.பி.யாகவும் இருக்கலாம். 'பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போடும்' என்று பத்தியத்தில் தண்ணீரையும் குறைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. உடம்பில் நீர் வற்றுவது அந்த அடைப்புக்கு ஒரு காரணம். அந்த நேரத்தில் தைலம் தேய்த்து உட்கார வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் மயக்க டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, வெளியிலிருந்து வருவாரா? எபிடூரல் போட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? தியேட்டரில் முதுகு ஊசி போட்டவர் தையல் முடிந்து வார்டுக்கு மாற்றும்வரை இருப்பாரா? இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குகிறோம். நல்ல மயக்க டாக்டர் யாருக்கும் இது பிடிக்காத கேள்வியாக இருக்காது. தன்னைப் பற்றி நோயாளி விசாரிப்பதே அவருக்கு அபூர்வம்.

ஆனால், இவற்றை லேபர் வார்டுக்குள் போய்க் கேட்க முடியாது. இடுப்பு வலி உச்சத்தில் இருப்பவளிடம் நீட்டுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தோன்றாது. வெளியே நிற்கிற கணவருக்கு அதைவிடக் குழப்பம். ஒன்பதாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போதே, மயக்க டாக்டரை ஒருமுறை பார்க்க வேண்டும், சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிடலாம். பல ஆஸ்பத்திரிகளில் கவுன்ட்டரில் இருப்பவர் இதைக் கேட்டுக் கொஞ்சம் விழிப்பார். கேட்டால் தருவார்கள்.